தானாக மடங்கிய இடது கண்ணாடி

பக்கக் கண்ணாடியை மோட்டரில் மடங்குகிற மாதிரி மாற்றுவது எப்படி என்று தொழில் பழக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவு அட்டையை எந்த மூலையில் நெம்புவது, ஒயரை எந்த ரப்பர் குழாய் வழியாக இழுப்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்கள் கை தானாகவே பழகிக்கொள்ளும். மாட்டிக் கொடுத்த பிறகு வண்டிக்காரர் திரும்பி வந்து, "சரியா இல்லை" என்று சொல்வார் பாருங்கள், அப்போது என்ன செய்வது என்பதில்தான் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு கடையில்தான் நான் கடைசி வரை வேலை பார்த்தேன். வண்டிகளுக்கு லைட், ஹாரன், கேமரா, சென்ட்ரல் லாக் என்று மின்சாரம் ஓடுகிற எதுவானாலும் மாட்டித் தருவோம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அங்கே வந்த ஒரு பிக்கப் வண்டியைப் பற்றி உங்களிடம் சொல்கிறேன். அந்த வண்டியில் கற்றுக்கொண்டதை அதற்கு முன்னால் எந்த வண்டியிலும் நான் கற்கவில்லை.

வண்டிக்காரர் பெயர் சேவியர். சொந்த ஊர் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை. விழிஞ்ஞத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, வித்துரா சந்தைக்கும் பொன்முடி மலை வழியில் உள்ள ஹோட்டல்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல உடற்கட்டு, சத்தமாகப் பேசுவார். நானும் பாறசாலைப் பக்கத்துத் தமிழன் என்று தெரிந்ததும் மலையாளத்தை விட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டார்.

"தாஸண்ணா, எனக்க இடது கண்ணாடி நிக்கவே மாட்டேங்குது. வாங்கி வைக்கேன், உடையுது. பின்னயும் வாங்கி வைக்கேன், பின்னயும் உடையுது. துறமுகத்துக்கு எறங்குற சந்து அம்புட்டுதான் அகலம். ஸ்விட்ச் போட்டா மடங்குமே, அது வச்சுத் தாங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடையது கீழ் மாடல். கண்ணாடியை மடக்க வேண்டுமென்றால் இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், கையால் தள்ள வேண்டும். சந்துக்குள் மாட்டிக்கொண்டால் கதவைத் திறக்கவே இடம் இருக்காது. அதே வண்டியின் மேல் மாடலில் ஸ்விட்சில் மடங்கும் கண்ணாடி வருகிறது. அதை வரவழைத்து மாட்டலாம், போல்ட் துளைகள் ஒன்றுதான். ஒயரும் ஸ்விட்சும் மட்டும் நாம் போட வேண்டும்.

இன்னொன்றும் கேட்டார். "ரெண்டும் ஒண்ணா மடங்க வேண்டாம். இடதுக்குத் தனி ஸ்விட்ச். வலது எனக்குத் தெறந்தே இருக்கணும். வலது பக்கம் ஒரு கொழப்பமும் இல்ல."

நான் அப்படியே செய்து கொடுத்தேன். இரண்டு கண்ணாடியும் தனித்தனியாக நன்றாக மடங்கின, நன்றாகத் திறந்தன. சேவியர் ஸ்விட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

சில நாட்களில் திரும்பி வந்தார். இடது கண்ணாடி தானாக மடங்குகிறதாம்.

"ஓட்டிட்டே இருக்கேன். பாத்தா மடங்கிக் கெடக்கு. நான் ஸ்விட்ச் தொடவே இல்ல அண்ணா."

இப்படி ஒரு புகார் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையேதான் நினைத்தேன். கதவு மூடித் திறக்கும்போது ஒயர் எங்கோ உரசுகிறது, இல்லையென்றால் ஸ்விட்சுக்குள் ஈரம் போயிருக்கிறது. அவர் வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் எப்போதும் உண்டு. கதவு அட்டையைக் கழற்றி ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் ஸ்விட்சை மாற்றினேன், கண்ணாடியை மடக்கித் திறக்கும் சின்ன மாட்யூலையும் மாற்றினேன். கதவை ஓங்கி ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். கண்ணாடி அசையவில்லை. சேவியர் எடுத்துக்கொண்டு போனார்.

மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. இடது பக்கம் பம்பரில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது.

"முக்கோலையில ஒரு ஆட்டோக்காரன். எங்கேருந்து வந்தான்னே தெரியல. கண்ணாடி மடங்கிக் கெடந்தா நான் எப்பிடி பாப்பேன்? ஒங்க வேலை சரியில்லாம எனக்க வண்டிதானே கெட்டுப் போகுது?"

எங்கள் கடை முதலாளி கிழக்கேகோட்டையில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். என்னை விட வயதில் சின்னவர். கல்லாவில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். ஒரு வண்டி ஒரே புகாரோடு திரும்பத் திரும்ப வந்தால் மற்ற வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற கவலை அந்தப் பார்வையில் இருந்தது.

நிறுத்தி வைத்த வண்டியில் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. "சேவியர், நான் கூட வர்றேன். நீங்க வழக்கமா போற வழியில ஓட்டுங்க" என்றேன்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். இடது கண்ணாடி மோட்டருக்குப் போகிற ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்து, அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி மடங்கினாலும் திறந்தாலும், மோட்டருக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் பல்பு எரியும். சேவியர் ஸ்விட்சைத் தொடாதபோது அது எரிந்தால் கோளாறு எங்கள் வேலையில். இவ்வளவுதான் என் திட்டம்.

கோவளம் தாண்டி விழிஞ்ஞம் வரை பல்பு எரியவில்லை. துறைமுகத்துக்கு இறங்கும் சந்தின் வாயில் சேவியர் ஸ்விட்சைப் போட்டார். பல்பு மினுங்கி அணைந்தது, கண்ணாடி மடங்கியது. சந்து அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. என் பக்கம் ஒரு வீட்டுச் சுவர், கையை வெளியே நீட்டியிருந்தால் தோல் உரிந்திருக்கும். கீழே போய்த் திரும்பி, மறுபடி சந்து வழியாக மேலே ஏறி மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

அங்கே வந்ததும் அவர் கண்ணாடியைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பேசிக்கொண்டே ஓட்டினார், அன்றைக்கு ஏலத்தில் யாரோ விலையை ஏற்றிவிட்ட கதை. நான் வாயைத் திறக்கவில்லை. இதோ இப்போது கவனிப்பார், இதோ இப்போது என்று காத்திருந்தேன். நீங்கள் ஓட்டுகிறவர்களாயிருந்தால் உங்களுக்கே தெரியும். இடது கண்ணாடி மடங்கிக் கிடந்தால் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றிவிடும். அதற்காக யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சேவியருக்கு அப்படி எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. துறைமுகத்திலிருந்து வருகிற கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி, பஸ்ஸை முந்தி, கதையை முடித்து, அடுத்த கதையைத் தொடங்கிவிட்டார்.

ஒரு நெரிசலில் வண்டி நின்றது. அப்போதுதான் யதேச்சையாக என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா! பாத்தியளா அண்ணா! இப்ப ஒத்துக்கிடுதியளா? தானா மடங்கிட்டு!"

என் மடியில் இருந்த பல்பு சந்து வாயில் எரிந்ததோடு சரி, அதற்குப் பிறகு எரியவே இல்லை.

"திறந்து விடுங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டார், பல்பு மினுங்கியது, கண்ணாடி திறந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்தது, மனுஷனுக்கு மறதி, அதை ஒத்துக்கொள்ள மனசில்லை என்பதுதான். அதை எப்படி முகத்தைக் கெடுக்காமல் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் பிளான்ட் இருக்கிற குறுக்கு ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இண்டிகேட்டர் போட்டார், திரும்பத் தொடங்கினார். கண்ணாடி திறந்திருந்தது. அதில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது, எனக்கே தெளிவாகத் தெரிந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண், பின்னால் யூனிஃபார்மில் ஒரு குழந்தை. எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தார்கள். சேவியர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டு கைப்பிரேக்கை இழுத்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. ஸ்கூட்டர் ரோட்டோர மண்ணில் இறங்கி, ஆடி, சாயாமல் நின்றது. குழந்தையின் தண்ணீர் பாட்டில் எங்கள் சக்கரத்துக்கு முன்னால் வந்து விழுந்தது. அந்தப் பெண் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, "கண்ணு கண்டூடே தனிக்கு?" என்று கத்தினாள். கண் தெரியவில்லையா என்று. நாம் எல்லோரும் ரோட்டில் தினமும் கேட்கிற திட்டுதான். நான் இறங்கிப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். குழந்தை அழவில்லை. அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது.

நான் திரும்ப ஏறியபோது சேவியர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கேருந்து வந்தா அவ?" என்றார். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டார்.

ஆட்டோக்காரனைப் பற்றியும் அவர் இதையேதான் சொன்னார். திரும்பத் திரும்ப உடைந்ததும் இடது கண்ணாடி மட்டும்தான். வலது பக்கம் ஒரு குழப்பமும் இல்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். "சேவியர், நேரா அந்த போஸ்ட் கம்பத்தப் பாருங்க. தலையத் திருப்பக்கூடாது. என் கை ஆடுதா, நிக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

என் கையை அவருடைய இடது தோளுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஆட்டினேன். உடனே தலையைத் திருப்பினார். "ஆடுது" என்றார்.

"திருப்பாம சொல்லுங்க."

"திருப்பாம எப்பிடி பாக்கது?"

அதைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானும் கம்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து என் இடது கையைத் தள்ளிப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தெரிந்தது. வலது பக்கத்திலும் தெரிந்தது. திரும்பவும் அவரைக் கம்பத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட அவருடைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் "ஆங், இப்ப தெரியுது" என்றார்.

நான்தான் வண்டியைக் கடைக்கு ஓட்டி வந்தேன். ஸ்கூட்டர் விஷயத்தில் சேவியர் கொஞ்சம் அதிர்ந்து போயிருந்ததால் சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

கடை வந்ததும் பழைய சேவியர் ஆகிவிட்டார். மறுநாள் விடிய வித்துராவுக்கு லோடு போக வேண்டும், இன்றைக்கே சரி செய்து கொடுக்க வேண்டும் என்றார். முதலாளியைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நம்மகிட்ட அந்த இன்னொரு மாட்யூல் இருக்குல்லா? வேகம் எடுத்தா கண்ணாடி தானே திறந்துக்கிடுமே. அதப் போட்டுக் குடுத்துருங்க. அவரு திறக்க மறந்தாலும் அது திறந்துக்கிடும். புகாரும் முடிஞ்சுது" என்றார்.

அது நல்ல யோசனைதான். அந்த மாட்யூல் அலமாரியில் இருந்தது, போடுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இதுதான். அதைப் போட்டிருந்தால் சேவியர் மறுபடி எங்கள் கடைக்குப் புகாரோடு வந்திருக்க மாட்டார். அவர் கண்ணில் ஏதோ குறை இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வண்டியில் மடங்கிக் கிடந்த கண்ணாடி ஒன்றுதான். அதன் வாயையும் நானே அடைத்துவிட்டு, "சரியாயிடுச்சு, போங்க" என்று சாவியைக் கையில் கொடுத்திருப்பேன்.

"நான் போட மாட்டேன் முதலாளி" என்றேன்.

சேவியரிடம் நேராகவே சொன்னேன். கண்ணாடியில் கோளாறு இல்லை, இடது பக்கம் உங்களுக்குத் தெரியவில்லை, கண் டாக்டரைப் பாருங்கள் என்று. அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"ஒயரிங் பாக்கச் சொன்னா கண்ணு பாக்குதியளா? நீங்க என்ன கண் டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் டாக்டரப் பாக்கச் சொல்றேன்."

"எனக்க கண்ணுக்கு என்ன? லைசன்ஸ் புதுக்கும்போ கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். அதோ ரோட்டுல வருதே பஸ், அதுக்க போர்ட வாசிக்கட்டா? கிழக்கேகோட்டை. பின்னால வாறது பேரூர்க்கடை. சரியா?"

சரியாகத்தான் வாசித்தார். அவ்வளவு தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் கலங்கலாகத்தான் தெரிந்தது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் 'பார்த்தீங்களா' என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

பார்வை இவ்வளவு துல்லியமாக இருக்கிற மனிதரைக் கண் சரியில்லை என்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒயர் மட்டும்தான். நான் நினைத்தது தப்பாக இருந்தால் நாலு பேர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தியவன் ஆவேன், கடைக்குக் கெட்ட பெயர். சரியாக இருந்து நான் பேசாமல் விட்டால், நாளைக்குக் காலை அந்த வண்டி வித்துரா ரோட்டில், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இடது ஓரமாக நடக்கிற நேரத்தில் ஓடும். இரண்டு தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும்.

சேவியர் வண்டிக்கு முன்னால் ரோட்டைப் பார்த்து நின்று முதலாளியிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடது கதவுக்குப் போனேன். பிளக்கை உருவி, போல்ட்டுகளைக் கழற்றி, கண்ணாடியை மொத்தமாக வெளியே எடுத்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நடந்தேன். போகிற வழியில் வேண்டுமென்றே சேவியரின் இடது பக்கமாகப் போனேன். என் சட்டை அவர் முழங்கையில் படாத குறை. உள்ளே போய்க் கண்ணாடியை அலமாரியில் வைத்தேன்.

அதற்குள் வெளியே அவர் குரல். "எங்க போனாரு அந்தாளு? எனக்க கண்ணாடி எங்க?"

நான் வெளியே வந்தபோது முதலாளி சேவியரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

"சேவியர், தாஸ் அண்ணாச்சி இப்பதான் உங்க பக்கத்துல போனாரு" என்றார்.

"எப்ப?"

"இப்ப. கண்ணாடியத் தூக்கிட்டு. உங்க தோள ஒட்டி."

சேவியர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். சிரித்த இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் இப்போது சிரிக்கவில்லை. அவர்களும் நான் போனதைப் பார்த்திருந்தார்கள். அவர் தன் இடது கையை நீட்டி, விரலை ஆட்டிப் பார்த்தார். நேராகப் பார்த்துக்கொண்டுதான் ஆட்டினார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அந்த விரல்களைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "டாக்டரப் பாத்துட்டு வாங்க. கண்ணுல ஒண்ணும் இல்லன்னா உங்க முன்னாடியே மாட்டித் தர்றேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேக்குறேன்."

"நாளைக்கு லோடு..." என்றார். அவருடைய குரலில் சத்தம் போய்விட்டிருந்தது.

"லோடுக்கு நான் வேற வண்டியும் டிரைவரும் ஏற்பாடு பண்ணுறேன். உங்க வண்டி இங்கயே கெடக்கட்டும்" என்றார் முதலாளி. அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேவியர் சாவியைக் கல்லா மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி ஜெசிந்தா கடைக்கு போன் செய்து என்னைக் கேட்டாள். கண் ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டார்களாம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டிருக்கிறது. இடது கண்ணில் ஓரப் பார்வை முக்காலும் போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் தொடங்கிவிட்டது. வலியில்லாமல், நேர்ப் பார்வையைத் தொடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போகிறது என்றே யாருக்கும் தெரியாதாம். போனது திரும்பி வராது. சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக்கூடாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"இனி நாங்க என்ன செய்ய அண்ணா?"

அந்த வண்டிதான் அவர்கள் வீட்டுச் சோறு. ஏதாவது வழி பிறக்கும் என்று எதையோ சொல்லி வைத்தேன், சொல்லும்போதே அது வெறும் பேச்சு என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. போனை வைத்தபின் வெகுநேரம் வேலையில் கை ஓடவில்லை. நீங்கள் சரியான முடிவு எடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான முடிவும் ஒரு வீட்டில் போய் விழத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீர் பாட்டில் சக்கரத்துக்கு முன்னால் கிடந்ததை நினைத்துக்கொண்டால், மறுபடி அதே நிலைமை வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுவேன் என்றுதான் தோன்றுகிறது.

பிக்கப் எங்கள் கடையின் ஓரத்திலேயே நின்றது. இடத்தை அடைக்கிறது என்று முதலாளி ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவர்கள் கூலிக்கு வைத்த ஒரு டிரைவர் வந்தார், நான் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன், ஓட்டிக்கொண்டு போனார். சேவியரைப் பற்றித் தகவல் இல்லை. கூலி டிரைவர்கள் நிலைக்கவில்லை, மீன் வாடை பிடிக்காமல் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று மட்டும் விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மத்தியானம், அந்தப் பிக்கப் மிக மெதுவாகக் கடைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தது ஜெசிந்தா. இடது சீட்டில் சேவியர்.

அவள் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வளையலை முழங்கைக்கு ஏற்றி விட்டிருந்தாள். "லைசன்ஸ் கிடைச்சிட்டு அண்ணா. சந்துக்குள்ளயும் ஓட்டுதேன். எனக்கு இந்தத் தனித்தனி ஸ்விட்ச் வேண்டாம். ரெண்டும் ஒண்ணா மடங்கணும், ஒண்ணா தெறக்கணும். வலதும் மடங்கிக் கெடந்தா தெறக்க மறக்க மாட்டேன்ல?"

"வித்துராவுக்கும் நீதான் போறியா?"

"பின்னே? மேல வளைவுல மொதல்ல அழுதேன். இப்ப இல்ல. இவரு பக்கத்துல இருந்து வாய் ஓயாம சொல்லிட்டே வருவாரு. அதுதான் பெரிய தொந்தரவு."

சேவியர் இறங்கவில்லை. நான் ஒயரை மாற்றுவதற்காக இடது கதவைத் திறந்து அவர் பக்கத்தில் குனிந்தேன். முதலில் என்னைப் பார்க்காத மாதிரியே இருந்தார். சட்டைப் பையில் சொட்டு மருந்துக் குப்பி துருத்திக்கொண்டிருந்தது. பிறகு அவரே பேசினார்.

"ஒங்க மேல கோவம் போகல்ல தாஸண்ணா. உள்ளதச் சொல்லணும்லா."

"இருக்கட்டும்."

"டாக்டர் சொன்னாரு, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா வலதும் போயிருக்கும்னு." பையில் இருந்த குப்பியைத் தடவினார். "அத நினைச்சா கோவம் கொறையுது. வண்டியப் பாத்தா திரும்ப வருது."

நான் ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். முடித்ததும் ஜெசிந்தா ஸ்விட்சைப் போட்டாள். இரண்டு கண்ணாடியும் ஒன்றாக மடங்கின, ஒன்றாகத் திறந்தன. அவள் போதும் என்று தலையாட்டிவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டாள். எங்கள் கடையிலிருந்து பின்னால் இறங்கினால் நேராகக் கிள்ளிப்பாலம் ரோடு, அந்த நேரத்தில் நெரிசல் உண்டு.

சேவியர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, உடம்பையே இடது பக்கம் முழுதாகத் திருப்பி, பின்னால் பார்த்தார்.

"வா... வா... மெதுவா. நில்லு! ஒரு ஆட்டோ வருது."

அவள் பிரேக்கை மிதித்தாள். ஆட்டோ கடந்து போனது. நன்றாகக் கடந்து போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவர் கையை அசைத்தார்.

"இப்ப வா."